ஃபைட்டரையே முந்திய குண்டுவீச்சு விமானம்... பாலைவனத்தில் என்ன ஆச்சு? பிளென்ஹைமின் கதை

இரண்டாம் உலகப்போர் விமானம் என்றதும் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் அல்லது ஜப்பானின் ஸீரோ. சினிமாவும் வீடியோ கேமும் இவற்றுக்குத்தான் ஹீரோ வேஷம் கொடுத்தன. பிரிஸ்டல் பிளென்ஹைம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

ஆனால் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போர் வெடித்த முதல் நாள் காலையில் குண்டு போடப் போனது இந்த விமானம்தான். அங்கிருந்து ஒரு பிரிவு கொழும்புக்கு வந்து, ஜப்பானியக் கப்பற்படைத் தலைவரின் கப்பலையே அதிரவைத்தது. துனிசியாவில் ஒரே மதியத்தில் ஒரு அணி முழுசாக அழிந்ததும் இதே விமானத்தின் கதைதான்.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வையுங்கள். 1935-ல் இதன் மூல விமானம் சோதனையில் தொட்ட வேகம் மணிக்குச் சுமார் 494 கி.மீ. 1942-ல் வந்த இதன் கடைசி மாடலின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 415 கி.மீ. உலகத்தில் மற்ற எல்லா விமானமும் வேகமாகிக்கொண்டிருந்த காலத்தில், இது மட்டும் மெதுவாகிக்கொண்டே போனது. ஏன்? அதனால் யார் பாதிக்கப்பட்டார்கள்? பார்ப்போம்.

நாளிதழ் முதலாளியின் சொந்த விமானம்

லண்டனின் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் உரிமையாளர் லார்ட் ராதர்மியருக்கு 1934-ல் ஓர் ஆசை. ஆறு பேர் உட்காரும் சொந்த விமானம் வேண்டும், அது ஐரோப்பாவிலேயே வேகமானதாக இருக்க வேண்டும். பிரிஸ்டல் நிறுவனம் செய்து கொடுத்தது. இரண்டு எஞ்சின், முழு உலோக உடல், பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். அந்தக் காலத்துக்கு இதெல்லாம் புதுசு. 1935 ஏப்ரல் 12 அன்று முதன்முறையாகப் பறந்தது.

விமானப்படை இதை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோது அதிகாரிகளுக்கே ஷாக். அதே ஆண்டு படையில் சேர்ந்த புத்தம்புது ஃபைட்டரான காண்ட்லெட்டின் வேகம் மணிக்கு 370 கி.மீ. அளவுதான். ஒரு தனியாரின் பயணிகள் விமானம், நாட்டைக் காக்க வேண்டிய போர் விமானத்தை மணிக்கு நூறு கி.மீ.க்கும் மேல் முந்துகிறது!

ராதர்மியர் விமானத்தை நாட்டுக்கே பரிசாகக் கொடுத்தார். அதற்கு வைத்த பெயர் ‘பிரிட்டன் ஃபர்ஸ்ட்’. அரசு அதே 1935-ல், குண்டுவீச்சு வடிவத்தின் முதல் மாதிரி பறப்பதற்கு முன்பே, 150 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. இறக்கை கொஞ்சம் மேலே ஏற்றப்பட்டு, அடியில் குண்டு வைக்க இடம் ஒதுக்கப்பட்டது. பெயர் பிளென்ஹைம். 1937-ல் படையில் சேர்ந்தது.

இதன் பின்னால் இருந்த லாஜிக் சிம்பிள். எதிரி ஃபைட்டரால் பிடிக்கவே முடியாத விமானத்துக்கு நிறைய துப்பாக்கி எதற்கு? வேகம்தான் கவசம்.

உள்ளே மூன்று பேர்

பிளென்ஹைமில் போவது மூன்று பேர். விமானி. பாதையைக் கணக்குப் போட்டுச் சொல்லி, குண்டையும் குறிபார்த்துப் போடும் அப்சர்வர். முதுகுப்பக்கக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, வயர்லெஸ்ஸையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்க்கும் கன்னர். சுமக்கக்கூடிய குண்டு சுமார் 450 கிலோ. ‘இலகு ரகக் குண்டுவீச்சு விமானம்’ என்று இதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆரம்பத்தில் இருந்த துப்பாக்கிகள் இரண்டே இரண்டு. முன்னால் சுட இறக்கையில் ஒன்று, பின்னால் சுட கூண்டில் ஒன்று. அடிவயிற்றுப் பக்கம் வெறும் தகரம். கீழிருந்து வரும் எதிரியைக் கன்னரால் பார்க்கக்கூட முடியாது.

காக்பிட் ரொம்ப நெருக்கடி. புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றும் கட்டுப்பாடும், எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்தும் கட்டுப்பாடும் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தன. திரும்பிப் பார்க்காமல், கையால் தடவித்தான் இயக்க வேண்டும். காரில் கியரும் எஞ்சின் ஸ்விட்சும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பக்கம்பக்கமாக இருந்தால் எப்படி இருக்கும்? அதுவும் ரன்வேயை விட்டு எழும்பும் அந்தச் சில நொடிகளில்?

அடுத்து வந்த மார்க் 4 மாடலில் அப்சர்வர் வசதியாக உட்காருவதற்காக மூக்குப்பகுதியை நீட்டினார்கள். எரிபொருள் கொள்ளளவு கூடியது. எடையும் கூடியது. வேகம் மணிக்கு 428 கி.மீ. ஆகக் குறைந்தது. போர் ஆரம்பித்த 1939-ல் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 மணிக்கு 560 கி.மீ. வரை பறந்தது. அதாவது, முதல் குண்டு போடுவதற்கு முன்பே பிளென்ஹைமின் கவசம் கழன்றுவிட்டது.

பாலைவனத்தில் எதற்குச் சண்டை?

எகிப்தில் சூயஸ் கால்வாய் இருக்கிறது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனின் குறுக்குவழி அது. அதைத் தாண்டினால் இராக், ஈரானின் எண்ணெய். எகிப்துக்கு மேற்கே பக்கத்து நாடு லிபியா, அன்று இத்தாலியின் காலனி. 1940 ஜூன் 10 அன்று முசோலினி போர் அறிவித்ததும், எல்லையின் இரண்டு பக்கமும் எதிரிகள் முகத்தோடு முகம் பார்த்து நின்றார்கள்.

மறுநாள் ஜூன் 11 காலையிலேயே, டோப்ரூக் துறைமுகத்துக்குத் தெற்கே இருந்த எல் அடெம் விமானத்தளத்தின் மீது பிளென்ஹைம்கள் குண்டு போட்டன. பிரிட்டிஷ் விமானங்களை இயக்கியவர் ரேமண்ட் கோலிஷா என்ற கனடாக்காரர், முதல் உலகப்போரின் புகழ்பெற்ற ஃபைட்டர் விமானி. கையில் இருந்த விமானங்கள் கம்மி. அதனால் எதிரி தயாராவதற்கு முன்பே தரையிலேயே அடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இத்தாலிய விமானங்கள் சேதமடைந்தன. ஆனால் அந்த முதல் நாளிலேயே பிளென்ஹைம் தரப்பிலும் உயிர்கள் போயின.

ஜூன் 28 அன்று நடந்ததுதான் விசித்திரம். டோப்ரூக் பகுதியில் பிளென்ஹைம்கள் குண்டு போட்டுவிட்டுப் போன சிறிது நேரத்தில், இன்னொரு விமானம் துறைமுகத்தை நெருங்கியது. பதற்றத்தில் இருந்த இத்தாலிய பீரங்கிக்காரர்கள், ‘திரும்ப வந்துட்டாங்க’ என்று சுட்டுத் தள்ளிவிட்டார்கள். விழுந்தது அவர்களுடைய சொந்த விமானம். அதில் இருந்தவர் லிபியாவின் கவர்னர் ஜெனரல் இதாலோ பால்போ. விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த முதல் சில மாதங்களில் பிளென்ஹைம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எதிரே இருந்தவை பெரும்பாலும் சி.ஆர். 42 மாதிரியான இத்தாலிய இரட்டை இறக்கை விமானங்கள். அவற்றின் வேகமும் மணிக்கு 440 கி.மீ. அளவுதான். ஆக, பாலைவனத்தில் மட்டும் பழைய 1935 கணக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

ஆறாயிரம் கி.மீ. சுற்றி வந்த விமானங்கள்

சண்டையில் விமானம் விழுந்தால் புதுசு வர வேண்டும். எங்கிருந்து? இத்தாலி போரில் இறங்கி, பிரான்ஸும் வீழ்ந்த பிறகு மத்தியதரைக் கடல் வழி சரக்குக் கப்பல்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. ஆப்பிரிக்காவை முழுசாகச் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தால் மாதக்கணக்கில் ஆகும்.

கிடைத்த வழி இது. விமானங்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டில் இருக்கும் டகோராடி துறைமுகத்தில் இறக்குவது. அங்கே பொருத்தி, லாகோஸ், கானோ, கார்ட்டூம் என்று நின்று நின்று கெய்ரோ வரை பறப்பது. தூரம் கிட்டத்தட்ட 6,000 கி.மீ. கீழே காடு, புதர்வெளி, பிறகு வெறும் மணல்.

1940 செப்டம்பர் 20 அன்று கிளம்பிய முதல் அணியில் ஆறு ஹரிக்கேன் ஃபைட்டர்கள். அவற்றுக்கு வழிகாட்டியாக முன்னால் போனது ஒரு பிளென்ஹைம். ஹரிக்கேனில் ஒரே ஆள்தான். ஓட்டவும் வேண்டும், வழியும் பார்க்க வேண்டும் என்றால் முடியாது. பிளென்ஹைமில் கணக்குப் போட அப்சர்வர் இருந்தார். அதனால் தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் போகிற மாதிரி, ஃபைட்டர்கள் அதன் பின்னாலேயே போயின. 1943-க்குள் இந்த வழியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் எகிப்து போய்ச் சேர்ந்தன.

மணல் என்ற எதிரி

வழி தப்பாமல் வந்து சேர்ந்த விமானத்துக்கு அடுத்த சோதனை மணல். பாலைவன மணல் என்றால் நம் கடற்கரை மணலை நினைக்காதீர்கள். பல இடங்களில் அது முகப்பவுடர் மாதிரி மெல்லிய தூசி. எஞ்சின் இழுக்கும் காற்றோடு உள்ளே போனால் சிலிண்டரை உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்த்துவிடும். அதற்காகக் காற்று நுழையும் இடத்தில் பெரிய ஃபில்டர் மாட்டினார்கள். எஞ்சின் பிழைத்தது. ஆனால் ஃபில்டரின் எடையும் காற்றுத் தடையும் சேர்ந்து வேகத்தில் இன்னும் கொஞ்சத்தைத் தின்றது.

விமானத்தளம் என்பதும் பெரும்பாலும் பெயருக்குத்தான். கல் பொறுக்கிய சமதரை, கூடாரங்கள், ஒரு நம்பர். பெயர்கூடக் கிடையாது, ‘லேண்டிங் கிரவுண்ட்’ இத்தனை என்று சொல்வார்கள். ஒரு விமானம் எழும்பினால் கிளம்பும் புழுதியில் அடுத்த விமானிக்கு எதுவும் தெரியாது. புழுதி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது எல்லாரும் பக்கவாட்டில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும்.

பெட்ரோல் வந்தது லேசான தகர டின்களில். ஒவ்வொன்றும் 18 லிட்டர். வழியிலேயே ஒழுகும். லாரி குலுங்கக் குலுங்க வந்து சேர்வதற்குள் நல்ல பங்கு மணலுக்குப் போய்விடும். மெக்கானிக்குகள் வெயிலில் தொட்டால் சுடும் உலோகத்தின் மேல் ஏறி நின்று, அளந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள். இந்தப் போரின் கதையில் விமானிகளுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு துளிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஜெயித்தார்கள்... அப்புறம் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள்

1940 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் படை ‘காம்பஸ்’ என்ற தாக்குதலைத் தொடங்கியது. பிளென்ஹைம்கள் இத்தாலிய விமானத்தளங்களையும் பார்டியா, டோப்ரூக் கோட்டை அரண்களையும் தொடர்ந்து குண்டுபோட்டு அடக்கின. 1941 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தத் தாக்குதல் முடிந்தபோது சுமார் 1,30,000 இத்தாலியப் போர்க் கைதிகள்.

ஆனால் வெற்றி கைக்கு வரும் நேரத்திலேயே கை காலியாகிக்கொண்டிருந்தது. கிரீஸுக்கு உதவ, பாலைவனத்தில் இருந்த பிளென்ஹைம் பிரிவுகள் ஒவ்வொன்றாக அங்கே அனுப்பப்பட்டன. கிரீஸில் பல விமானங்கள் அழிந்தன. அதே பிப்ரவரியில் ஜெர்மன் தளபதி ரோமெல் திரிபோலியில் வந்து இறங்கினார். ஏப்ரலில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் லிபியாவுக்கு வந்தன. பழைய இத்தாலிய இரட்டை இறக்கை விமானங்களோடு ஓடிக்கொண்டிருந்த ஓட்டப்பந்தயம் அன்றோடு முடிந்தது.

இனி பிளென்ஹைம் தனியாகப் போவது தற்கொலை மாதிரி. நெருக்கமான அணியாகப் பறக்க வேண்டும், மேலே ஃபைட்டர்கள் காவல் வர வேண்டும். 1941 நவம்பரில் தொடங்கிய ‘குருசேடர்’ தாக்குதலில் இப்படித்தான் பறந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் மட்டுமல்ல, தாய்நாடு ஜெர்மன் பிடியில் இருந்த சுதந்திர பிரெஞ்சு வீரர்களின் ‘லொரேன்’ பிரிவும் பிளென்ஹைமில்தான் பறந்தது. டிசம்பரில் டோப்ரூக் முற்றுகை விலகியது.

அந்த டிசம்பரில்தான் ஜப்பானும் போரில் குதித்தது. மறுபடி அதே கதை. பாலைவனப் பிளென்ஹைம் பிரிவுகள் பர்மாவுக்கும் சுமத்ராவுக்கும் ஓட்டமாக ஓடின. ஒன்று இலங்கைக்கு வந்தது.

கொழும்பு குதிரைப்பந்தய மைதானத்திலிருந்து...

ராயல் விமானப்படையின் 11-வது ஸ்குவாட்ரன், எகிப்து, கிரீஸ், சிரியா என்று சுற்றிவிட்டு 1942 மார்ச்சில் கொழும்பு வந்து சேர்ந்தது. அவர்களுக்குக் கிடைத்த ரன்வே, கொழும்பு குதிரைப்பந்தய மைதானத்தில் அவசரமாக அமைத்தது.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9-ம் தேதி திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில், பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் மூழ்கடிக்கப்பட்டது.

அதே 9-ம் தேதி காலை, காவலுக்கு ஒரு ஃபைட்டர்கூட இல்லாமல் ஒன்பது பிளென்ஹைம்கள் ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிக் கண்டுபிடித்தன. சுமார் 3,300 மீட்டர் உயரத்திலிருந்து, அட்மிரல் நகுமோவின் தலைமைக் கப்பலான ‘அகாகி’ மீது குண்டு போட்டன. குண்டுகள் கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கிளப்பிய பிறகுதான், விமானங்கள் தலைக்கு மேல் வந்ததே ஜப்பானியர்களுக்குத் தெரிந்தது. எதுவும் கப்பலில் படவில்லை. அடுத்து ஸீரோ ஃபைட்டர்கள் துரத்தின. ஒன்பதில் ஐந்து பிளென்ஹைம்கள் போயின. மீதி நான்கு சேதத்தோடு கொழும்பு திரும்பின.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. எதிரி விமானம் தலைக்கு மேல் வரும்வரை கண்டுபிடிக்க முடியாத பலவீனம் ஜப்பானியக் கப்பற்படைக்கு இருந்தது. பிளென்ஹைம்கள் அதை அம்பலப்படுத்தின. இரண்டு மாதம் கழித்து மிட்வே சண்டையில், அமெரிக்க டைவ் பாம்பர்கள் அதே மாதிரி கவனிக்கப்படாமல் தலைக்கு மேல் வந்தன. அன்று அழிந்த கப்பல்களில் அகாகியும் ஒன்று.

குஃப்ரா: எதிரியே இல்லாத நாளில்...

கொழும்புச் சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே ஆப்பிரிக்காவில், தென்கிழக்கு லிபியாவின் குஃப்ரா என்ற பாலைவனச் சோலையில் மூன்று பிளென்ஹைம்கள் நின்றன. கடற்கரையிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளே, நாலாபக்கமும் மணல் சூழ்ந்த இடம். வந்திருந்தவர்கள் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 15-வது ஸ்குவாட்ரன். பாலைவனத்துக்குப் புதியவர்கள்.

1942 மே 4 விடிகாலை, மூன்று விமானங்களில் 12 பேர் கிளம்பினார்கள். சண்டைக்கு அல்ல. சுற்றுவட்டாரம் பழகிக்கொள்ள ஒரு ரவுண்டு, காலையிலேயே திரும்பிவிடலாம்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். அன்று ஜி.பி.எஸ். கிடையாது. திசைகாட்டி, கடிகாரம், வேகமானி மூன்றையும் வைத்து, ‘இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிஷம் பறந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம்’ என்று கணக்குப் போட வேண்டும். இதற்கு டெட் ரெக்கனிங் என்று பெயர். மணிக்கு 320 கி.மீ.யில் பறக்கும்போது திசையில் வெறும் 5 டிகிரி தப்பினால், ஒரு மணி நேரத்தில் 28 கி.மீ. விலகிவிடுவீர்கள். பக்கக் காற்று அடித்தால் அது தனிக் கணக்கு. நாட்டுப்புறத்தில் பறந்தால் ஆறு, ரயில் பாதை, ஊர் என்று கீழே ஏதாவது பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பாலைவனத்தில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. எல்லா மணல்மேடும் ஒரே மாதிரி.

அவர்கள் வழி தவறினார்கள். ஒரு விமானத்தில் எஞ்சின் கோளாறும் சேர்ந்துகொள்ள, மூன்றும் பாலைவனத்தில் தரையிறங்கின. நொறுங்கி விழவில்லை, பத்திரமாகத்தான் இறங்கின. பக்கத்தில்தான் குஃப்ரா என்ற நினைப்பில், மீதமிருந்த பெட்ரோலைப் போட்டு எழும்பித் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்படித் தேடப்போன ஒரு விமானம் மற்றவர்களிடம் திரும்பவே இல்லை.

சீக்கிரம் வந்து கூட்டிப்போய்விடுவார்கள் என்று நம்பியதால், முதல் நாள் தண்ணீர் தாராளமாகச் செலவானது. தேடும் விமானங்களை மணற்புயல் முடக்கியது. நாள் ஆக ஆக, சிலர் திசைகாட்டிக்குள் இருந்த ஆல்கஹாலைக் குடித்தார்கள். உடம்பு குளிரட்டும் என்று தீயணைப்பானைத் தங்கள் மேலேயே பீய்ச்சிக்கொண்டார்கள். அந்த ரசாயனம் தோலைப் புண்ணாக்கியது.

ஒரு வாரம் கழித்து, மே 11 அன்று மீட்புக்குழு வந்து சேர்ந்தபோது 12 பேரில் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். அவர் ஒரு மெக்கானிக்.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தவை எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள். பாலைவன அனுபவம் இல்லாத குழு, ஒழுங்காக எழுதி வைக்கப்படாத பாதைக் கணக்கு, சரியாக வேலை செய்யாத வயர்லெஸ் திசைகாட்டும் ஏற்பாடு. எதிரியின் ஒரு தோட்டாகூடப் படாத 11 பேரைக் கொன்றது இவைதான்.

இதே குஃப்ராவில், தரையில் லாரிகளில் ஆயிரக்கணக்கான கி.மீ. சுற்றிய ‘லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்’ என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவும் தளம் வைத்திருந்தது. சூரியனின் நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவி, இரவில் நட்சத்திரம் பார்த்து இடத்தைச் சரிபார்க்கும் பழக்கம், அளந்து குடிக்கும் தண்ணீர் என்று பாலைவனத்தின் சட்டதிட்டங்கள் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அனுபவம் பக்கத்திலேயே இருந்தும், புதிதாக வந்த விமானிகளுக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கவில்லை.

கடைசி அத்தியாயம்: துனிசியா

1942-ல் பாலைவனத்தில் அமெரிக்கத் தயாரிப்பான பாஸ்டன், பால்டிமோர் விமானங்கள் பிளென்ஹைமின் இடத்தைப் பிடித்தன. இதோடு ஓய்வு கொடுத்திருக்கலாம். ஆனால் மார்க் 5 என்று ஒரு புது மாடல் வந்தது. விமானிகள் இதை ‘பிஸ்லி’ என்றார்கள். கவசத் தகடு கூடியது, எடை கூடியது, எஞ்சின் சக்தி மட்டும் அதற்கு ஈடாகக் கூடவில்லை. ஆரம்பத்தில் சொன்ன அந்த 415 கி.மீ. இந்த மாடலுடையதுதான்.

1942 நவம்பரில் நேசப்படைகள் வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் இறங்கி, துனிசியாவை நோக்கி நகர்ந்தன. டிசம்பர் 4 அன்று, சுய்கி அருகே இருந்த எதிரி விமானத்தளத்தைத் தாக்கச் சொல்லித் தரைப்படையிலிருந்து அவசரக் கோரிக்கை. 18-வது ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் ஹியூ மால்கம். வயது 25. ஃபைட்டர் காவல் ஏற்பாடு செய்ய வழியில்லை. காவல் இல்லாமல் பகலில் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கீழே இருக்கும் சிப்பாய்களுக்கு உதவி தேவை என்பதும் தெரியும். கிளம்பினார்.

இலக்கை நெருங்கியபோது மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் பெரும் எண்ணிக்கையில் பாய்ந்தன. மால்கம் அணியைக் குலையவிடாமல் நடத்திப்போனார். ஒவ்வொன்றாகப் பிஸ்லிகள் விழுந்தன. இலக்குவரை போன ஒன்பதில் ஒன்றுகூடத் தளத்துக்குத் திரும்பவில்லை. பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ், மால்கமுக்கு மரணத்துக்குப் பிறகு வழங்கப்பட்டது. விமானப்படை வீரர்கள் ஓய்வெடுக்கும் ‘மால்கம் கிளப்’கள் பின்னாளில் அவர் பெயரில் வந்தன.

விருது கொடுத்தது சரி. ஆனால் அப்படி ஒரு தீரம் தேவைப்பட்டதே ஏன் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

அப்போ தப்பு எங்கே?

‘வேகம்தான் கவசம்’ என்ற ஐடியாவே தப்பா? இல்லை. அதே ராயல் விமானப்படையில் 1942-ல் களமிறங்கிய மாஸ்கிட்டோ குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கியே கிடையாது. இரண்டு எஞ்சின், இரண்டு பேர், மணிக்கு 600 கி.மீ.யை ஒட்டிய வேகம். போர் முடியும்வரை அதைத் துரத்திப் பிடிப்பது எதிரிக்குப் பெரும் தலைவலியாகவே இருந்தது.

பிளென்ஹைமில் நடந்தது வேறு. துப்பாக்கிக் கூண்டு, நீண்ட மூக்கு, கூடுதல் டேங்க், மணல் ஃபில்டர், கவசத் தகடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தில் கொஞ்சம் போனது. வேகம் போன பிறகும், வேகத்தை நம்பிப் போட்ட வேலைகளுக்கே அதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அனுப்பியவர்கள் கையில் வேறு விமானம் இல்லை. 1940-ல் எகிப்தைக் காக்க, கிரீஸுக்கு உதவ, கொழும்பிலிருந்து எதிர்த்தடிக்க, அன்றைக்கு இருந்தது இதுதான். 4,400-க்கும் மேல் தயாரானதால் எங்கே கேட்டாலும் பிளென்ஹைம் கிடைத்தது. நல்லது வரும்வரை காலத்தைக் கடத்திக் கொடுத்தது இந்த விமானம். பிற்பாடு பாஸ்டனும் பால்டிமோரும் ஃபைட்டர் காவலோடு, கட்டுக்கோப்பான அணியாகப் பறந்து எல் அலமேனில் ஜெயித்தன என்றால், அந்தப் பாடங்களில் பல பிளென்ஹைம்காரர்கள் உயிரைக் கொடுத்துப் படித்தவை.

இன்று உலகத்தில் பறக்கும் நிலையில் இருப்பது ஒரே ஒரு பிளென்ஹைம். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில், பழைய பாகங்களைச் சேர்த்துப் பல வருட உழைப்பில் மறுபடி உயிர் கொடுத்து, 2014-ல் பறக்கவிட்டார்கள். எகிப்தின் எல் அலமேனில் ஒரு நினைவுச்சுவர் இருக்கிறது. பாலைவனத்துக்குப் பறந்துபோய், உடல்கூடக் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருந்தவர்கள். இந்தக் கட்டுரையை மொபைலில் படித்துக்கொண்டிருக்கும் பலரின் வயதுதான்.